கொட்டாவி வீட்டுப் பெண்

ஆறும் கடலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கிற முகத்துவாரத்தில் அலையாத்தித்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரின் பழைய சுங்கக் கிடங்குக்குள் யார் காலெடுத்து வைத்தாலும் அவர்களுடைய வலது கை தானாக மேலே போய்விடும். வலிக்காது, நடுங்காது. தண்ணீருக்குள் அமுக்கிய கட்டை மெல்ல மேலே வருவதைப்போல எழும்பி, உள்ளங்கை முன்னால் தெரிய, விரல்கள் விரிந்து, அவர்கள் வெளியே வரும்வரை அப்படியே நிற்கும். வாசற்படியைத் தாண்டியதும் கொடியிலிருந்து நழுவிய ஈரத்துணி மாதிரி தொப்பென்று விழும்.

அது எப்படி வந்தது என்பதை ஊரார் சுருக்கமாகத்தான் சொல்வார்கள். நாடு விடுதலை அடைந்த பிறகும், கடல் தாண்டி வந்த ஓர் அரசு இந்தச் சின்னத் துறைமுகத்தை மட்டும் விடாமல் சில வருடங்கள் பிடித்து வைத்திருந்தது. கடைசியில், நாட்டோடு சேருவதா வேண்டாமா என்று ஊர்ப் பிரதிநிதிகளே கூடி முடிவு செய்யட்டும் என்று ஆனது. அந்த ஐப்பசி மழையில் சபைக் கட்டடத்தின் கூரை ஒழுகியதால், சுங்கக் கிடங்கில் கிடந்த கிராம்பு மூட்டைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, பெஞ்சுகளைப் போட்டு அங்கே கூடினார்கள். சேரலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். கைகள் உயர்ந்தன. ஒருவர் படம் எடுத்தார். வெளியே வெடிச் சத்தம் கேட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் தெருவுக்கு ஓடினார்கள். மறுநாள் மூட்டைகளைப் பழைய இடத்தில் அடுக்க வந்த சுமைதூக்கிகளின் கைகளும் உயர்ந்துவிட, மூட்டைகள் விழுந்து பிரிந்து, அந்த வருடம் முழுக்க ஊரே கிராம்பு வாசம் அடித்தது.

அதன் பிறகு அதற்குக் கைதூக்கி மண்டபம் என்று பெயர் வந்தது. அரசாங்கப் பலகையில் வேறு ஏதோ நீளமான பெயர் இருக்கிறது; அதை யாரும் படிப்பதில்லை.

ஊர் அதைப் பழக்கிக்கொண்டது, வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு விசித்திரமான மாட்டைப் பழக்கிக்கொள்வதைப்போல. தோள்பட்டை இறுகிப்போனவர்களை மருத்துவர், "காலையில கொஞ்ச நேரம் மண்டபத்துல போய் நின்னுட்டு வாங்க" என்று அனுப்பினார். வேர்க்குருவுக்குப் பவுடர் போட விடாத பிள்ளைகளைத் தாய்மார் உள்ளே இழுத்துப் போய், இடது கையால் அக்குளில் பூசிவிட்டு வந்தார்கள். மண்டபத்தைக் கூட்டுகிற லூர்து அக்கா இடது கையால் கூட்டப் பழகி, பிறகு இடது கையாலேயே கோலம் போடவும் ஆரம்பித்தார். மேய்ச்சலுக்குப் போன ஆடு தெரியாமல் நுழைந்தால் வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, யாராவது தள்ளிவிடும்வரை மரியாதையாக நிற்கும். சுறா கடித்து வலது கை இழந்த ஓர் அண்ணன் இருந்தார். அவர் உள்ளே வந்தால் வெற்றுச் சட்டைக் கை காற்று நிரம்பினாற்போல நிமிர்ந்து நிற்கும், அதைப் பார்த்து அவரே கொஞ்ச நேரம் சந்தோஷப்படுவார். மீனவர் சங்கத் தலைவர் ஒருவர் ஒருமுறை பொதுக்கூட்டத்தை அங்கே வைத்தார். அவர் சொன்ன தீர்மானமெல்லாம் ஒருமனதாக நிறைவேறியது. அவரை வாழ்நாள் தலைவராக்கிய தீர்மானமும் நிறைவேறியது. வெளியே வந்து கை இறங்கியதும்தான் ஆட்களுக்கு உறைத்தது. மறுநாளே, இங்கே கூட்டம் நடத்தக் கூடாது என்று ஒரு பலகை மாட்டினார்கள்.

ஆனால் நிச்சயதார்த்தத்தை மட்டும் யாரும் தடுக்கவில்லை. பெண் பார்த்து, பேசி முடித்த பிறகு, பெண்ணையும் பிள்ளையையும் மண்டபத்துக்குள் நிறுத்துவார்கள். இரண்டு பேர் கையும் உயரும். ஓய்வுபெற்ற தபால்காரர் கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டு, "கை உசந்துச்சு, ஊரு பாத்துச்சு" என்பார். அவ்வளவுதான், நிச்சயம் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் மாட்டேன் என்று சொன்ன பெண் இதுவரை ஒருத்திகூட இல்லை என்று அலையாத்தித்துறைக்காரர்கள் வெளியூரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதில் ஏதோ இடிக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

இனி அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு எடுத்த படம் மண்டபத்துச் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறது. நாணல் காடு மாதிரி கைகள். நடுவே, மூன்றாவது பெஞ்சில், ஒருவர் மட்டும் கையைத் தூக்காமல், வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் தாமோதரம். நாடு பிறக்கிற நேரத்தில் கொட்டாவி விட்டவர் என்று ஊர் அவரைச் சொன்னது. அவரிடம் விளக்கம் கேட்க வழியில்லை. அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் கண்டு போய்விட்டார். அவர் மகன் பக்கிரிசாமி அப்போது தொட்டிலில் கிடந்தார். தொட்டிலுக்கும் சேர்த்து அந்த வீட்டுக்குக் கொட்டாவி வீடு என்று பெயர் விழுந்தது.

யாரும் பகையாகச் சொல்லவில்லை. தபாலில்கூட அந்தப் பெயர் போட்டால் சரியாக வந்து சேரும். ஆனால் அந்த வீட்டில் யாருக்காவது கொட்டாவி வந்தால் முதலில் தெருவைப் பார்ப்பார்கள், பிறகு வாயைப் பொத்துவார்கள். பக்கிரிசாமியின் மகள் நிறைமதி நடக்கக் கற்பதற்கு முன்பே வாயைப் பொத்தக் கற்றாள்.

அந்த வீட்டிலிருந்து யாரும் மண்டபத்துக்குள் போனதும் இல்லை; பக்கிரிசாமிகூட வெளியூரில் பெண் எடுத்து, நிச்சயத்தை அங்கேயே முடித்துக்கொண்டார். வருடா வருடம் இணைப்பு நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். வாசலில் டீச்சர், "செருப்பை யார் பாத்துக்கறது?" என்று பொதுவாகக் கேட்பார். நிறைமதி யாரும் சொல்லாமலே வெளியே நிற்கும் வாதாமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். உள்ளே பிள்ளைகள் கை தூக்கிக்கொண்டு கூச்சல் போடுவது கேட்கும். அவள் சிதறிக் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைப்பாள்.

"நாம ஏம்ப்பா போறதில்ல?" என்று ஒருநாள் கேட்டாள்.

பக்கிரிசாமி வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். "உள்ள போயி நம்ம கை தூக்கிடுச்சுன்னா, தாத்தா ஏந்தான் தூக்கலன்னு ஊரு இன்னொரு தடவை பேசும். தூக்கலன்னா, அதையே எப்பவும் பேசும். எதுக்கு வம்பு?"

நிறைமதி வளர்ந்து, துறைமுக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும், எந்த எண் என்று பார்த்து, அதற்குரிய புயல் கூண்டைக் கொடிமரத்தில் ஏற்றுவது அவள் வேலை. கப்பியில் ஓடுகிற கயிற்றை எட்டிப் பிடித்து இழுக்க, கூண்டு ஆடி ஆடி மேலே போகும். மேலே போனதும் படகுகள் திரும்பி வர ஆரம்பிக்கும். கரையிலிருந்து அதைப் பார்க்கும்போது, தன் கையில் பிடித்திருக்கும் கயிறு அந்தப் படகுகளின் மூக்கில் கட்டியிருப்பதைப்போல அவளுக்குத் தோன்றும். அதைவிடப் பிரியமான எதுவும் அவளுக்கு அதுவரை இருந்ததில்லை.

பிறகு இளம்பரிதி வந்தான். படகு இன்ஜினுக்கு உதிரிப் பாகம் விற்கிறவன். கூண்டு அவன் கடையிலிருந்தே தெரியும், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அலுவலக வாசலுக்கு வந்து, "எத்தனாம் நம்பருங்க?" என்பான்.

"தலையத் தூக்கிப் பாத்தா தெரியும்."

"தெரியுது. ஆனா நீங்க சொன்னாத்தான் நம்புவேன்."

"கண்ணை நம்பாதவரு கடை எப்படி நடத்துறீங்க?"

"அதான் நட்டத்துல ஓடுது" என்பான் அவன். ஒரு புயல் காலம் முழுக்க இப்படிப் போனது. அடுத்த புயல் காலம் வருவதற்குள் அவன் அம்மா விசாலாட்சி வெற்றிலை பாக்குத் தட்டோடு கொட்டாவி வீட்டுக்கு வந்துவிட்டார்.

விசாலாட்சி நல்லவர்தான், ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இடம் விடாமல் பேசுகிறவர். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு, கொட்டாவி கிட்டாவியெல்லாம் நாங்க பாக்கல, நிச்சயத்தை வர்ற வளர்பிறையில வெச்சுக்கலாம், கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் கூண்டு ஏத்துற வேலையெல்லாம் வேணாம், எழுதிக் குடுத்துடட்டும், பந்தியில அவியல் கண்டிப்பா இருக்கணும், எங்க அண்ணன் அவியல் இல்லாம எந்திரிச்சுடுவாரு."

நிறைமதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பேச்சு அவியலுக்கு முருங்கைக்காய் போடலாமா கூடாதா என்று போய்விட்டது. இளம்பரிதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், அவள் கையால் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் கொட்டாவி என்று நினைத்திருப்பார்கள்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் பக்கிரிசாமி சாப்பிடவில்லை. ஊர் வழக்கம் கண்டிப்பானது: மண்டபத்தில் கை உயராவிட்டால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். இதுவரை முறிந்ததில்லை. ஆனால் இதுவரை கொட்டாவி வீட்டிலிருந்து யாரும் உள்ளே போனதும் இல்லை.

"உசரலாம். உசராமயும் போவலாம்" என்றார்.

"உசரலன்னா?"

"நீயே தூக்கிடு. யாருக்குத் தெரியப் போவுது? தூக்கின கை தூக்கின கைதான். விரலை மட்டும் நல்லா விரிச்சுக்க."

நிறைமதி ஒப்புக்கொண்டாள். அவளுக்கு இளம்பரிதியைப் பிடித்திருந்தது. ஒரு நிமிடம் கையைத் தூக்கி வைப்பதில் என்ன இருக்கிறது? அதைவிடக் கனமான கூண்டைத் தூக்குகிறவள்தானே. கண்ணாடி முன்னால் நின்று, உள்ளங்கையை முன்னால் காட்டி, விரலை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சரியாகத்தான் இருந்தது. ஆனால் கூண்டு வேலை பற்றிய அந்தப் பேச்சு, பேசாமலே போன அந்தப் பேச்சு, செருப்புக்குள் நுழைந்த மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை வெயில் இதமாக இருந்தது. நாதஸ்வரமும் தவிலும் வழக்கம்போல வாதாமரத்தடியில் நின்றன. உள்ளே போனால் வாசிக்க ஒரு கைதான் மிஞ்சும். கொட்டாவி வீட்டுப் பெண் மண்டபத்துக்குள் நுழைகிறாள் என்பதால் ஊர் முழுக்க வந்திருந்தது, வலைக்குப் போக வேண்டியவர்கள்கூடப் போகவில்லை. வாசலில் லூர்து அக்கா செருப்புகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு உன் செருப்பை நான் பாத்துக்கறேன் தங்கச்சி, நீ உள்ள போ" என்றார்.

முதலில் விசாலாட்சி நுழைந்தார். கை எழும்ப, வளையல்கள் கலகலவென்று முழங்கைக்குச் சரிந்தன. இளம்பரிதி நுழைந்தான். கோதண்டபாணி நுழைந்தார். ஒவ்வொருவராக உள்ளே போகப் போக, கைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. பக்கிரிசாமி மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார். நிறைமதி படியைத் தாண்டினாள்.

உள்ளே இத்தனை வருடத்துக்குப் பிறகும் லேசாகக் கிராம்பு வாசம். அவள் வலது தோளில் ஏதோ மெல்ல வந்து தொட்டது. அது இழுக்கவில்லை, பக்கத்தில் வந்து நின்று, என்ன சொல்கிறாய் என்று கேட்பதைப்போலக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, விலகிப் போய்விட்டது. கை அவள் பக்கத்தில் தொங்கியது.

"கை உசந்துச்சு, ஊரு பாத்துச்சு" என்றார் கோதண்டபாணி, கண்ணை மூடியபடி.

ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வாசலில் பக்கிரிசாமி தொண்டையைக் கனைத்தார். தூக்கிவிடு என்பதற்கு அது அடையாளம். நிறைமதி கையை எடுத்தாள், இடுப்புவரை வந்தது. அப்போது எதிர்ச் சுவரில் இருந்த படத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

பாடப் புத்தகத்தில் அவள் அதைக் கட்டைவிரல் அளவில், மசி படிந்து, எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். சுவரில் அது ஆள் உயரத்துக்கு இருந்தது. மூன்றாவது பெஞ்சில் தாத்தா வாயைத் திறந்துகொண்டு இருந்தார். ஆனால் கண்கள் திறந்திருந்தன. கொட்டாவி விடுகிறவர்களுக்குக் கண் இடுங்கும், மூக்கு விடைக்கும், தலை பின்னால் சாயும். கொட்டாவியைப் பற்றி அந்த ஊரில் அவளைவிட அதிகம் யோசித்தவர்கள் யாரும் இல்லை. தாத்தாவின் தலை முன்னால் சாய்ந்திருந்தது. புருவம் ஏறியிருந்தது. இடது கையின் ஒற்றை விரல் முழங்காலிலிருந்து லேசாக எழும்பியிருந்தது. பக்கத்தில் இருந்தவர் கையைத் தூக்கியபடியே அவர் பக்கம் காதைத் திருப்பியிருந்தார்.

தாத்தா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். படம் எடுத்தாயிற்று, வெடி வெடித்தாயிற்று, எல்லோரும் தெருவுக்கு ஓடியாயிற்று. அவர் கேட்டு முடித்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

நிறைமதி இடுப்புவரை வந்த கையைக் கீழே விட்டாள்.

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்த கோதண்டபாணி திகைத்துப்போனார். "என்னம்மா... கை?"

"கேட்டாத்தானேங்க தூக்கலாம்? இன்னும் யாரும் எங்கிட்ட கேக்கலையே."

"என்ன கேக்கணும்?"

"சம்மதமான்னு."

கோதண்டபாணி தூக்கிய கையோடு யோசித்தார். "நான் வர்றப்பவே எல்லார் கையும் மேலதாம்மா இருக்கும். அப்புறம் எதுக்குக் கேக்கறதுன்னு..." என்று இழுத்தார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எல்லாம் பெண்களின் குரலாக இருந்தது. "எங்கிட்டயும் யாரும் கேக்கலடி." "எங்கிட்டயுந்தான்." வாசலில் லூர்து அக்கா உரக்கவே சொன்னார்: "என் நிச்சயத்தன்னிக்கு நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். கை போயிடுச்சு மேல. அப்படியே விட்டுட்டேன்."

"என்னத்தடி சொல்ல வந்த?" என்று அவர் கணவர் தவில்காரருக்குப் பின்னாலிருந்து பதறினார்.

"பேரன் எடுத்தாச்சு, இப்ப என்ன? வீட்டுல சொல்றேன், வாங்க."

சிரிப்பு அடங்கியதும் இளம்பரிதி ஓர் அடி முன்னால் வந்தான். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது அவனுக்கு முதன்முறையாக அசட்டுத்தனமாகத் தோன்றியது. "மதி, உங்களுக்கு சம்மதமா?"

"எனக்கு சம்மதந்தான். ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இங்க வெச்சுக் கேட்டா, உங்க கை முன்னாடியே பதில் சொல்லிட்டு நிக்குது. வெளிய வாங்க."

அவள் முன்னால் போக, அவன் பின்னால் போனான். ஊர் வழிவிட்டது. படியைத் தாண்டியதும் அவன் கை தொப்பென்று விழுந்தது. வாதாமரத்தடியில், சின்ன வயதில் அவள் செருப்பு அடுக்கிய இடத்தில் நின்றார்கள்.

"கூண்டு ஏத்துற வேலையை நான் விடமாட்டேன்" என்றாள் நிறைமதி. "புயல் வர்ற அன்னிக்கு எல்லாரும் வீட்டுக்குள்ள போவாங்க, நான் கொடிமரத்துக்குப் போவேன். உங்க வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். இது தெரிஞ்சு உங்களுக்கு சம்மதமா?"

இளம்பரிதி தன் வலது கையைப் பார்த்தான். பழக்கத்தில் கொஞ்சம் காத்திருந்தான். அது அசையவில்லை.

"தானா போவாது தம்பி" என்று யாரோ கத்தினார்கள். "நீதான் தூக்கணும்!"

அவன் தூக்கினான். எத்தனையோ முறை அந்த மண்டபத்தில் கை தூக்கியிருக்கிறான். ஒருமுறைகூட அதற்கு எடை இருந்ததில்லை. இப்போது படகு இன்ஜினைத் தோளில் ஏற்றுவதைப்போலத் தூக்க வேண்டியிருந்தது. மேலே கொண்டுபோய் நிறுத்தியதும் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கனமா இருக்குங்க" என்றான்.

"இருக்கும்" என்றாள் நிறைமதி. பிறகு தன் கையையும் தூக்கினாள்.

பக்கிரிசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தவில்காரர் குச்சியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மண்டபத்துக்குள்ளிருந்து, "நான் ஒத்துக்கல! எனக்கு இது சம்மதமே இல்ல!" என்று ஒரு சத்தம். விசாலாட்சி வாசற்படிக்கு உள்பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை, உள்ளங்கை தெரிய, விரல்கள் விரிந்து, மற்ற எல்லோரையும்விட உயரமாக நின்றது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நிறைமதி சிரிக்கவில்லை.

"அத்தை, வெளிய வந்து சொல்லுங்க. அங்க நின்னா உங்க பேச்சை உங்க கையே மறுத்துப் பேசுது."

விசாலாட்சி வெளியே வந்தார். கை விழுந்தது, வளையல்கள் மணிக்கட்டுக்கு இறங்கின. அந்தக் கையை அவர் முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டார். கோதண்டபாணி வேகமாக முன்னால் வந்து, "சரி சரி, பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேரும் தூக்கியாச்சு, ஒரு ஆளு தூக்காட்டி என்ன? ஊரு பாத்துச்சு! மேளம்..." என்றார். தவிலில் முதல் அடி விழுந்தது. யாரோ வெடியின் திரியைக்கூடப் பற்றவைத்துவிட்டார்கள்.

"நிறுத்துங்க!" என்றாள் நிறைமதி. அவள் அவ்வளவு உரக்கப் பேசி ஊர் கேட்டதில்லை. "அத்தை வாயைத் தொறந்திருக்காங்க. ஏதோ கேக்க வர்றாங்க."

தவில் நின்றது. ஒருவர் ஓடிப்போய் வெடியின் திரியைக் காலால் மிதித்தார். ஊர் முழுக்க விசாலாட்சியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இடம் விடாமல் பேசிப் பழகியவருக்கு இவ்வளவு பெரிய இடம் கிடைத்ததும் முதலில் பேச்சு வரவில்லை. ஒரு வாதாங்கொட்டை மரத்திலிருந்து விழுந்தது. ஆற்றில் ஒரு படகு போனது. யாரும் நகரவில்லை.

"இவன் அப்பா கடலுக்குப் போன காலத்துல" என்று மெதுவாக ஆரம்பித்தார், "அந்தக் கூண்டு ஏறினா போதும், அடுப்பங்கரையில ஒத்தையா உக்காந்துக்கிட்டு ஓடு பறந்துடுமோன்னு மேலயே பாத்துக்கிட்டு இருப்பேன். அவரு ஒவ்வொரு தடவையும் வந்துட்டாரு, அது வேற. ஆனா நான் ஒவ்வொரு தடவையும் ஒத்தையாத்தான் உக்காந்திருந்தேன். மருமவ வந்தா துணைக்கு ஒரு ஆளு இருக்கும்னு நெனச்சேன். நீ கொடிமரத்துக்குப் போயிடுவ. இவன் படகு கட்ட ஓடிடுவான். காத்து அடிக்கிறப்ப நான் யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கறது?"

கேட்டு முடித்துவிட்டார். அவர் கேட்டு முடித்ததை எல்லோரும் கேட்டார்கள்.

"நான் இதை நெனச்சுப் பாக்கலத்தை. யோசிக்கணும்" என்றாள் நிறைமதி. பிறகு அங்கேயே நின்று யோசித்தாள். ஊரும் கூட நின்றது. "நீங்களும் என்கூட வந்துடுங்களேன். ஆபீசுல பழைய கல் கட்டடம், ஓடு பறக்காது. பெஞ்சு இருக்கு. பிளாஸ்க்ல காப்பி கொண்டுபோவோம்."

"காப்பிய யாரு போடறது?"

"உங்க புள்ள."

விசாலாட்சி மகனைத் திரும்பிப் பார்த்தார். "இவனா? வெந்நீரைக் கருக வெக்கிறவன்."

"கத்துக்கறேம்மா" என்றான் இளம்பரிதி. அவன் இன்னும் கையை இறக்கவில்லை. இறக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

விசாலாட்சி முந்தானையைப் பிரித்தார். வலது கையை எடுத்தார். அது மெதுவாக எழும்பி, தோள்வரை வந்து, அங்கே நின்றது. ஊர் காத்திருந்தது. அதற்கு மேல் அது போகவில்லை.

"இன்னிக்கு இவ்வளவுதான்" என்றார். "மீதிய அப்புறம் பாத்துக்கலாம். சாம்பார் ஆறிடப் போவுது, வாங்க எல்லாரும்."

கோதண்டபாணிக்கு அதை எப்படி அறிவிப்பதென்று தெரியவில்லை. "ஊரு பாத்துச்சு" என்று மட்டும் சொன்னார். மேளம் கொட்டியது.

அலையாத்தித்துறை இதையும் பழக்கிக்கொண்டது. இப்போது பெண்ணையும் பிள்ளையையும் முதலில் வாதாமரத்தடியில் நிறுத்திக் கேட்கிறார்கள். பதில் வர நேரம் ஆகும் என்பதால் நாற்காலிகள் போட்டு வைக்கிறார்கள். கேட்டு முடித்த பிறகுதான், படம் எடுத்துக்கொள்ள மட்டும், உள்ளே போகிறார்கள். ஒரு வருடம் இரண்டு பெண்கள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். கொட்டாவி வீட்டின் பெயர் மாறவில்லை. ஊர் வைத்த பெயரை எடுக்க ஊருக்குத் தெரியாது. ஆனால் இணைப்பு நாளில் உள்ளே போகிற பிள்ளைகள் அந்தப் படத்தின் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்று, "இந்தத் தாத்தா என்ன டீச்சர் கேட்டாரு?" என்கிறார்கள். தெரியாது என்கிறார் டீச்சர். அவர்கள் மூன்றாவது பெஞ்சில் திறந்திருக்கிற அந்த வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணம் முடிந்து வந்த கார்த்திகையில் முதல் புயல் வந்தது. பகல் வெளிச்சம் சாம்பல் பூத்துப்போய், கடல் உறுமத் தொடங்கிய நேரத்தில், நிறைமதி கூண்டை மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தாள். காற்று எதிர்த்துத் தள்ளியது. பாதிக் கம்பத்தில் கூண்டு சுழன்று நின்றுவிட்டது. கல் கட்டடத்தின் வாசலில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விசாலாட்சி, கருகின காப்பியை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, எழுந்து வந்தார். மருமகளின் கைக்கு மேலே கயிற்றை எட்டிப் பிடிப்பதற்காக, வலது கையை முழுவதுமாக உயர்த்தினார்.